சக்கர நாற்காலிக்குப் பின்னால்

எங்கள் ஊரில் உதவி செய்தவரின் கையில் காசை வைத்தால் அவர் முகம் கறுத்துவிடும். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுத்துத் தந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கலாம், கொல்லையில் பழுத்த வாழைப்பழச் சீப்பைக் கொடுத்து அனுப்பலாம். காசு நீட்டினால் அவர் அடுத்த முறை கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டார். யாழ்ப்பாணத்தில் முப்பத்திரண்டு வருடம் இப்படி வளர்ந்துவிட்டு, தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தேன். அம்மாவுக்குக் கருப்பையில் புற்று. இருபத்தைந்து நாள் கதிர்சிகிச்சை. சனி, ஞாயிறு தவிர ஒரு நாளும் விடக்கூடாது, இடையில் நின்றால் செய்ததும் வீண் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு இந்த ஊரில் அந்த இருபத்தைந்து நாளைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் வந்த நேரம் சரியில்லை. மே மாதம் தமிழ்நாட்டில் நடந்த கொலைக்குப் பிறகு, இலங்கைத் தமிழ் காதில் விழுந்தாலே ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெங்களூரிலும் வீடு வீடாகத் தேடினார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. எங்கள் விசா சரி, போலீஸ் பதிவு சரி, கடதாசி எல்லாம் சரி. பேச்சுதான் சரியில்லை.

தொம்மலூரில் எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரம்மா இரண்டு தலைமுறையாய் அங்கேயே இருக்கும் தமிழர். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வெளில வாயே தெறக்காதீங்கம்மா. அக்கம்பக்கத்துல திருச்சிப் பக்கத்துச் சொந்தக்காரங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ரெண்டு வார்த்தை பேசினா முடிஞ்சுது கதை." பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை கத்துகிற வாய் இது. அதை மூடிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வாசலில் இருந்து கதிர்சிகிச்சை அறைவரை நீண்ட நடை, பிறகு கீழே இறங்கும் சரிவு. அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. முதல் நாள் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் தானாகவே சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். என் வயதுதான் இருக்கும். அம்மாவை மெதுவாக உட்காரவைத்து, சேலைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் மடித்துவிட்டு, போகவும் வரவும் தள்ளினார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தத் தம்பிக்குக் காசு கீசு நீட்டிப்போடாதை, பிள்ளை. வெக்கப்படுவான்" என்று என் காதுக்குள் சொன்னாள். நான் கைகூப்பிச் சிரித்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் நாற்காலி இல்லை. "சேர் ரிப்பேர்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு இடத்தில் நின்று நின்று நடந்தாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எங்கள் முறை தாண்டிவிட்டது. எல்லாரும் முடித்துப் போன பிறகு, அறையைப் பூட்டுவதற்குச் சற்று முன்னால்தான் கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டாம் நாளிலேயே எண்ணிக்கை முறிந்திருக்கும். அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் மற்றவர்களின் கைகளைக் கவனித்தேன். ரிப்பேரான அதே நாற்காலி ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு வந்தது. இறங்கும்போது கிழவரின் மகனுடைய கை ஊழியரின் கையை ஒரு கணம் தொட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பயந்தவளுக்கு அளவு தெரியாது. மூன்றாம் நாள், அம்மாவை நாற்காலியில் உட்காரவைக்கும் முன்பே, ஒரு இருபது ரூபாய்த் தாளை அவர் கையில் திணித்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் இருபது. அம்மா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் நாற்காலிக்குப் பின்னால் காசைக் கொடுப்பேன். அவளுக்குத் தெரியாது. இந்த ஊரில் எவ்வளவு அன்பான பிள்ளை ஒன்று கிடைத்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பேச முடியாத இடத்தில் காசு பேசட்டும் என்று நினைத்தேன். நல்ல புத்தி! வாசல் காவலாளி எனக்குச் சல்யூட் அடிக்கத் தொடங்கினார். கூட்டுகிற பெண் அம்மாவின் நலம் விசாரித்தாள். அவர்களுக்கும் கொடுத்தேன். "துபாயா மேடம்? சிங்கப்பூரா?" என்று நாற்காலிக்காரர் ஒரு நாள் கேட்டார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது.

சந்தாபுராவிலிருந்து புருஷனைக் கூட்டிவரும் ஒரு பெண் தினமும் எங்களுக்கு முன்னால் காத்திருப்பாள். இரண்டாவது வாரம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ரெண்டு ரூபா குடுக்கற எடத்துல இருபது குடுத்தா நாங்கள்லாம் எங்க போறது? எங்க வீட்டுக்காரருக்கு மூணு நாளா சேர் கெடைக்கல. உன்னாலதான் பேஜார்."

எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு வாயைத் திறக்க வேண்டும். "பிழைதான், அக்கா. எனக்குத் தெரியேல்லை" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். "நீ எந்த ஊரு?"

"திருச்சி."

"திருச்சில இப்படியா பேசுவாங்க?" என்றாள். அடுத்த நாள் வேறு வாங்கில் போய் உட்கார்ந்தாள். நான் இரண்டு ரூபாய்க்கு இறங்கினேன்: வேலை முடிந்த பிறகு, நடந்தபடி, முகம் பார்க்காமல். நாற்காலிக்காரர் வாங்கிக்கொண்டார். முறையைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட. ஆனால் கொடுத்த இருபதுகளைத் திருப்பி வாங்க முடியாது. அவை ஆஸ்பத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தன.

பதினேழாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். வீட்டுக்காரம்மாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பிறகு எங்கள் அறைக்குள் வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அம்மா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்ரில நோட்டு நோட்டா குடுக்கறீங்களாமே. எங்கேர்ந்து வருது?"

"என்ரை காப்பு ரெண்டு வித்தனான், ஐயா." வளையலுக்கு நாங்கள் சொல்வது காப்பு. என் வெறுங்கையைக் காட்டினேன். நகைக்கடை ரசீதையும் எடுத்துக் கொடுத்தேன்.

"வைத்தியத்துக்கு வந்தவங்க செலவைக் கொறைப்பாங்க. நீங்க அள்ளி விடறீங்க. எதுக்கு பயம்?"

அவர் எழுந்தார். பழகிப்போன என் கை, நான் சொல்லாமலே, பைக்குள் போயிற்று. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது உள்ளேயே இருக்கட்டும். ஊரை விட்டு எங்கயும் போகாதீங்க. மறுபடி வருவோம்."

அவர் போனதும் வீட்டுக்காரம்மா வாசற்படியில் நின்று சொன்னார். "அடுத்த வெள்ளிக்கெழமையோட கரண்ட் வெக்கறது முடியுதுன்னு சொன்னீங்கல்ல? சனிக்கெழமை காலைல காலி பண்ணிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, வயசுப் பசங்க இருக்கற வீடு." சொல்லிக்கொண்டே தெருவை இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை, அவரும் என்னைப்போலப் பயந்த ஆள்தான்.

பதினெட்டாம் நாள் காலை, வேலை முடிந்த பிறகு, நாற்காலிக்குப் பின்னால் இரண்டு ரூபாயை நீட்டினேன். கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நாற்காலிக்காரர் இரண்டு கைகளாலும் பிடியை இறுகப் பற்றியிருந்தார்.

"வேணாம் மேடம்." குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "நேத்து வந்து எல்லாரையும் கேட்டாங்க. யார் யார் வாங்கினீங்க, எவ்ளோ வாங்கினீங்கன்னு. எனக்குக் கொழந்தைங்க இருக்கு."

"நாளைக்கு வருவீங்களா?" என்றேன். ஊரை மறைக்கிற தமிழில்தான் கேட்டேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது!

அவர் சுவரைப் பார்த்தார். காவலாளி சல்யூட்டை நிறுத்திவிட்டார். கூட்டுகிற பெண் நாங்கள் வருவதைக் கண்டால் விளக்குமாற்றோடு அடுத்த நடைக்குப் போனாள். காசை வாங்குகிறவரைக்கும் நாங்களும் அவர்களுக்கு வெறும் நோயாளிகளாக இருந்திருக்கிறோம். கை பின்வாங்கியதும்தான் நாங்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

மிச்சம் ஏழு நாள். ஒவ்வொரு காலையும் ஆட்டோவை விட்டு இறங்கும்போது என் கண் வாசலுக்குள் நாற்காலியைத் தேடும். ஏழு நாளும் அது வந்தது. அவர் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் மறக்காமல் மடித்துவிட்டார். காசில்லாமல் ஏன் தள்ளினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசி வெள்ளிக்கிழமை, இருபத்தைந்தும் முடிந்து வாசலுக்கு வந்ததும், அம்மா தன் பையைத் திறந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்றை, பனையோலைப் பெட்டியில் வார்த்த கருப்பட்டியை, ஓலை கலையாமல், இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள். நாற்காலியில் இருந்தபடியே திரும்பி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"தம்பி, இந்தாங்கோ. எங்கடை ஊர்ப் பனங்கட்டி."

அவர் கேட் பக்கம் பார்த்தார். அங்கே காவலாளியோடு ஒரு காக்கிச் சட்டை நின்று கதைத்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

ஆட்டோவில் ஏறிய பிறகும் அம்மா குட்டானை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"இதுகூட வாங்கமாட்டாரோ, பிள்ளை?"

"இந்த ஊரிலை உதவி செய்ததுக்கு ஒண்டும் வாங்கமாட்டினம், அம்மா" என்றேன். "வழக்கமில்லை."

அம்மாவின் முகம் தெளிந்தது. "எங்கடை ஊர் மாதிரித்தான்" என்றாள். "நல்ல சனம்."