மாவில் உட்கார்ந்த யானை

அந்தப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒரு யானை வெள்ளைத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். கழுத்துவரை நுரை. தலைமேல் ஒரு கொத்து, தும்பிக்கை நுனியில் ஒரு கொத்து, மீதி தொட்டியைத் தாண்டி வழிந்து தரையெல்லாம் ஓடியிருக்கும். ஏதோ செய்து மாட்டிக்கொண்ட முகத்தோடு யானை நம்மைப் பார்த்து விழிக்கும். அந்தப் பக்கம் மட்டும் நடுவில் மங்கி வெளுத்துப் போயிருக்கிறது. நானும் தம்பியும் தெருப் பிள்ளைகளும் மூக்கை வைத்துத் தேய்த்ததால் வந்த வெளுப்பு அது.

அத்தை, அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பம் விட்டுப்போன அந்தப் படப் புத்தகத்தை, விடுதிக்காரர் அவளிடம் கொடுத்துவிட்டார். அது ஆங்கிலமும் இல்லை. என்ன மொழி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அத்தைக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. படம் இருக்கும்போது எழுத்து எதற்கு என்பது அவள் கட்சி. அவள் சொல்லும் கதையில், காரின் கூரைக்கு வெளியே கழுத்தை நீட்டிய ஒட்டகச்சிவிங்கி, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துக் கிரிவலம் வந்தது. பெட்டியோடு நிற்கும் கரடி, பெங்களூர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் தேரடி வீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார்கள். பௌர்ணமி என்றால் வீட்டுப் பக்கமே வர மாட்டார்கள். அன்றைக்கெல்லாம் எங்களை மேய்த்தது அத்தையும் இந்த மிருகங்களும்தான்.

யானைப் பக்கம் வந்ததும் அத்தை குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "இட்லிக்கு ஊற வெக்கச் சொன்னா, இது உளுந்த ஜாஸ்தியா போட்டுடுச்சு. மாவு பொங்கிப் பொங்கி வீடெல்லாம் ஓடிடுச்சு. அமுக்கி வெக்கலாம்னு மேல குந்திச்சு. இப்ப எழுந்துக்க முடியாம முழிக்குது பாரு." அப்புறம் புத்தகத்தைத் தூக்கி ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுவருவாள். மாவு புளித்துவிட்டதா என்று நாங்கள் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வாசனையே வரவில்லை என்போம். "இன்னிக்குத்தானே அரைச்சுது. நாளைக்குப் புளிச்சிடும்" என்று புத்தகத்தை மூடிவிடுவாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து மறுபடி மோந்து பார்ப்போம்.

கல்லூரிக்குச் சென்னை போன பிறகுதான், தொட்டியில் சோப்பு நுரை கட்டிக் குளிக்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. அத்தை வேலை பார்த்த விடுதியில் இருந்ததெல்லாம் பக்கெட்டும் மக்கும்தான். விடுமுறைக்கு வந்ததும், பெரிய கண்டுபிடிப்பு போல, யானை குளிக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "குளிக்கறதுக்கு எதுக்குடி அவ்ளோ நுரை? மாவுதான் அது" என்றாள். அதற்குப் பிறகும் மாற்றிக்கொள்ளவே இல்லை. எனக்கும் உள்ளூர அதுதான் பிடித்திருந்தது.

போன வருடம் ஒரு காலையில் அத்தையின் வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டன. கை ஓரளவு தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. வரவில்லை என்பதைவிட அவள் வரவிடவில்லை. முதல் வாரம் தன் வாயிலிருந்து வந்த குழறலைக் கேட்டுக் கூசிப்போய் உதட்டை மூடியவள்தான். "எப்படியாவது பேச வெச்சிடுங்க, இப்படியே விட்டா அப்படியே நின்னுடும்" என்று பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் எச்சரித்துவிட்டுப் போனாள். நாங்களும் சாமி பேர், என் பேர், ஒன்று இரண்டு என்று எல்லாம் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தெருவையே சிரிக்க வைத்த வாய் அது. இனி ஒரு சொல்லும் கேட்காமலே போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

எல்கேஜி படிக்கும் என் மகள் ஒருநாள் பரணிலிருந்து இறக்கிய பெட்டியைக் கிளறி இந்தப் புத்தகத்தை எடுத்தாள். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என் அத்தையை அத்தை என்றே கூப்பிடுவாள். கட்டிலில் ஏறி அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, தன் டீச்சர் மாதிரி விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"இது எலிஃபன்ட். பபுள் பாத் எடுக்குது."

அத்தையின் இடது கை பக்கத்தின்மேல் வந்து விழுந்தது. இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆமா அத்தே. குளிக்குது."

மறுபடியும் தலையாட்டல். உதடு கோணிக்கொண்டது, தாடை நடுங்கியது. "மா..." என்று ஒரு சத்தம். பிறகு, மூச்சைக் கூட்டிக்கொண்டு, "...வு."

"மாவா? இன்னா மாவு?"

"இட்...லி."

நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கிட்டே போனால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை. அத்தை ஒற்றைக் கையால் புத்தகத்தைத் தூக்கி, குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனாள். அதை நானோ வேறு யாரோ என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் அவள் குனிந்து, எங்கள் மூக்குகள் வெளுக்க வைத்த அதே இடத்தில், நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள்.

"ஒண்ணும் வரலயே அத்தே."

அத்தை கோணல் வாயால் சிரித்தாள். புத்தகத்தை மெல்ல மூடினாள்.

"நா...ளைக்கி" என்றாள்.