வெளியே போகாத படங்கள்

குத்தகை நெல் வந்து இறங்கிய மறுவாரம் தஹ்மீனாவின் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வரும், பெட்டிக்குள் யாரோ நகத்தால் சுண்டுவதுபோல் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். சுண்டும் சத்தம்தான் கூடியது. இன்னொரு முறை அழுத்தக் கை வரவில்லை.

அதற்குள் இருந்தவை அவள் மகள் ஜஸீலாவின் படங்கள். கணவர் ஜாஃபர் சாதிக் சவுதிக்கு விமானம் ஏறியபோது ஜஸீலா வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. விடுப்பு தள்ளித் தள்ளிப் போனதில் அவர் இன்னும் மகளை நேரில் பார்க்கவில்லை. அவர் கொடுத்தனுப்பிய கேமராவில், வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தஹ்மீனா படம் எடுப்பாள். குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது, நடந்தது. கேமராவின் சிப் சிறியது. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் சிப்பைத் துடைத்து அடுத்த வாரத்துக்கு இடம் செய்துகொள்வாள்.

இணையத்தில் அனுப்பியிருக்கலாம். திருவாரூரில் அப்போது தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் நிக்காஹ் படம் அப்படி ஒரு சென்டரிலிருந்து யார் யார் கைக்கோ போய்விட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. உண்மைதானா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பேச்சே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து, படம் எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஜாஃபர் சாதிக் சொல்லிவிட்டார். “நான் வந்து நம்ம வீட்டுலயே உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிறேன்.” தஹ்மீனாவும் மறுக்கவில்லை. அவருக்காக, தலையில் துணி இல்லாமல் தன்னையே எடுத்துக்கொண்ட படங்களும் மகளின் படங்களோடு கலந்து கிடந்தன. எதையும் ஒரே இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டால் பத்திரம் என்று மனிதர்கள் நம்புகிறார்கள். பூட்டுக்கு உள்ளேயே அது கெட்டுப்போகலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வருவதாக இருந்தது. போனில் விஷயத்தைச் சொன்னாள்.

“கடையில குடுத்துடாத,” என்றார் உடனே. “எவன் கையிலயாவது மாட்டுனா என்ன ஆகும்? உடைச்சுப் போட்டுடு.”

“அப்புறம் எதைப் பாப்பீங்க மச்சான்?”

“புள்ளையத்தானே பாக்க வர்றேன்?”

“இப்ப இருக்கிற புள்ளையப் பாப்பீங்க.”

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

மாமியார் ரஹ்மத் பீவி முறத்தில் அரிசியைப் புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?”

“உடைக்கச் சொல்றாங்க மாமி.”

“அங்கேருந்து உத்தரவு போடுறதுக்கு என்ன? அவன் சின்னப் பயலா இருந்த படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல, தெரியுமா? எப்படி இருந்தான்னு கேட்டா எனக்கே மறந்துபோச்சு.” முறத்தைக் கீழே வைத்தார். “புர்காவப் போடு புள்ள. நானும் வர்றேன். எவன் பாக்குறான்னு நான் பாக்குறேன்.”

பெட்டியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, ஜஸீலாவையும் இடுக்கிக்கொண்டு போனார்கள். தெற்கு வீதிப் பக்கம் ஒரு மாடிக் கடை. வீரையன் என்பவர் வைத்திருந்தார். மூடியைக் கழற்றியவர் உள்ளே ஊதிவிட்டு இருமினார். விசிறி முழுக்க நெல் சுணை அப்பியிருந்தது.

“நெல்லு மூட்டைக்குப் பக்கத்துலயா வெச்சிருந்தீங்க?”

“பின்ன, தலையிலயா வெச்சுக்குவாங்க?” என்றார் ரஹ்மத் பீவி.

“விசிறி நின்னு, சூட்டுல டிஸ்க்கு போயிருக்கும்மா.” டிஸ்க்கைத் தனியே எடுத்து வேறொரு பெட்டியில் மாட்டினார். சுண்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. திரையில் மாதவாரியாக ஃபோல்டர்கள் வந்தன. “இருக்கு. ஆனா எந்த நிமிஷமும் நின்னுடும். ஓடுற வரைக்கும் எடுத்துக்கலாம். எது முதல்ல?”

“நீங்க பாக்கக் கூடாது,” என்றாள் தஹ்மீனா.

வீரையன் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார். “இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் இழுத்துப் போடுங்க. நான் திரும்பிக்கிறேன்.”

“நல்லாத் திரும்புங்க தம்பி,” என்ற ரஹ்மத் பீவி, அவருக்கும் திரைக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “கண்ணாடி அலமாரியில தெரியுது பாருங்க, இன்னும் கொஞ்சம்.”

தஹ்மீனா, மகள் பிறந்த மாதத்திலிருந்து தொடங்கினாள். கடைசி மாதங்களை விட்டுவிடலாம்; அந்த ஜஸீலா இதோ மடியில் இருக்கிறாள். முதல் ஜஸீலா வேறு எங்கும் இல்லை. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது. ஒரு மாதம் வந்தது. இன்னொன்று. குழந்தை உட்கார்ந்த மாதத்தைத் திறந்தாள். படங்கள் திரை முழுதும் விரிந்தன. இழுத்தாள். பட்டை பாதியில் நின்றது. சுண்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

“என்ன ஆச்சு?” வீரையன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“நின்னுடுச்சு.”

“என்ன எழுதியிருக்கு?”

அவள் வாசித்தாள். அவர் சொன்ன விசையை அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை. சத்தம் வேகமாயிற்று.

“எந்தப் படத்துல சிக்கியிருக்குன்னு நான் பாக்கணும்மா. இல்லேன்னா மொத்தமாப் போயிடும். சீக்கிரம் சொல்லுங்க.”

ரஹ்மத் பீவி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். திரையின் மேல் வரிசையில் தஹ்மீனா, ஈரத்தலை விரிந்து கிடக்க, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வந்து பாருங்கண்ணே,” என்றாள்.

ரஹ்மத் பீவி ஸ்டூலை நகர்த்திக்கொண்டார். வீரையன் வந்து குனிந்தார். கெட்டுப்போன படங்களை ஒதுக்கினார். மற்றவற்றை ஐந்தாறாக அள்ளினார். அவர் கண் படத்தின் பெயர்களில் இருந்ததா, படங்களில் இருந்ததா என்று தஹ்மீனா கவனிக்கவில்லை. பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதத்துக்குப் போனபோது டிஸ்க் ஒருமுறை நீளமாகக் கிறீச்சிட்டு அடங்கியது. அதன்பிறகு அது எந்தப் பெட்டியிலும் எழவில்லை. மீண்ட படங்களை ஒரு சிடியில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வேறு வழி இருந்திருந்தால் அவள் அதில்தான் போயிருப்பாள். ஆனால் அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு போன் வந்தபோது, அவளுக்கு ஒரு வழி இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ரஹ்மத் பீவியும் அதை ஒத்துக்கொண்டிருப்பார்.

“கடைக்குப் போனியா?”

“போனேன்.”

“யாராவது பாத்தாங்களா?”

“கடைக்காரர் பாத்தாரு. அவர் பாக்காம இருந்தா நீங்களும் பாக்க முடியாது மச்சான்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“நடக்கிறது இருக்கா?” என்று கேட்டது குரல்.

“இல்ல. உக்காந்தது வரைக்கும்தான்.”

அவர் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்துச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“உக்காந்திருக்கிறதுல யாரப் பாத்துக்கிட்டு இருக்கா?”

“என்னய,” என்றாள் தஹ்மீனா.