காலில்தான் கட்டு

மாவுக்கட்டுக் காலோடு வீட்டில் கிடக்கும் எனக்குப் பொழுது போக, கணவர் போனில் பல்லாங்குழி ஆப் ஒன்றை இறக்கித் தந்தார். "செத்த நேரம் விளையாடிக்கிட்டு இரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாப்பிள்ளை வீட்டோட பேசி முடிச்சிட்டு வாரோம்" என்று, மகளுக்கு வரன் பேச என் தம்பியோடு காரில் கிளம்பினார்.

விரல் வைத்ததும் போனுக்குள் காய்கள் விழுந்தன. அசல் புளியங்கொட்டைச் சத்தம்.

நான் வயதுக்கு வந்து, வேப்பிலை செருகிய அறைக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வருடத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர். அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறினார். என் முன்னால் பல்லாங்குழியைத் தள்ளினாள் அத்தை. "ஏட்டி, இதை வச்சு விளையாடிக்கிட்டுச் சத்தமில்லாம இரு." சாயங்காலம் தம்பி பால்கோவா வாசத்தோடு வந்து தேரைப் பற்றி அளந்தான். நான் குனிந்து கொட்டைகளையே போட்டுக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடம் கழித்தும் அதே காயை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெற்றவள் நான். கட்டு காலில்தான், வாயில் இல்லை.

விளையாட்டை மூடிவிட்டு, அதே போனில் எங்கள் தெரு ஆட்டோக்காரரை அழைத்தேன்.

"எங்க போகணும்க்கா?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அவிய கார் இப்பத்தான் கிளம்புச்சு. அவிய பேசி முடிக்கிறதுக்கு முன்னால நான் போய் இறங்கணும்."