இறால் இல்லாத சஹன்

கனகேஸ்வரியின் முகம் ஜார்ஜ் டவுனில் அதிகம் பேருக்குத் தெரியாது. குரல் தெரியும். டிரங்க் காலுக்குப் போனை எடுத்தால், "பினாங்கு. நம்பர் சொல்லுங்க" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும், பேசுபவர் தடுமாறினால் தமிழிலும் கேட்கும் குரல் அவளுடையது. 1982இல் அவளுக்கு வயது முப்பத்தொன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினோராவது வருடம்.

அலுவலகத்தில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது. டிபன் மகாராணி. வைத்தவள் பக்கத்து நாற்காலி காமாரியா. கனகேஸ்வரி தினமும் இரண்டடுக்குத் தூக்கில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவாள். கேண்டீனில் ஒரு தேநீர்கூடக் குடிக்கமாட்டாள். யார் வீட்டுப் பலகாரம் வந்தாலும், "எனக்கு ஒத்துக்காது" என்று சிரித்தபடி கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

ஒத்துக்காது என்பது சாப்பிட விருப்பமில்லாத எல்லோரும் சொல்வது. அதை யாரும் நம்புவதில்லை.

"சிலோன்காரங்க அப்படித்தான் லா," என்பாள் காமாரியா. "அடுத்தவ கை பட்டா உள்ளே இறங்காது."

உண்மை வேறு. பதினோரு வயதில் அம்மா வைத்த இறால் குழம்பைச் சாப்பிட்டபோது கனகேஸ்வரியின் உதடு வீங்கியது. இரண்டாம் முறை கண் மூடிக்கொண்டது. மூன்றாம் முறை தொண்டை. ஊசி போட்ட டாக்டர், இனி இறால் வாசனையே இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்றார். அன்றோடு வீட்டில் இறால் நின்றது. ஆனால் வெளியே இருந்தது பினாங்கு. இங்கே இறால் இறாலாக மட்டும் இருப்பதில்லை. பெலாச்சானாக அரைபட்டுச் சம்பலில் இருக்கும், கீரை வதக்கலில் இருக்கும், மீ நூடுல்ஸ் சூப்பில் இருக்கும், முறுக்கு பொரித்த எண்ணெயில் இருக்கும். கண்ணால் பார்த்து விலக்க முடியாது.

வெளியே சொல்லாததற்கு அம்மா காரணம்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை. நோயாளி எண்டு பேர் வந்தால் பிறகு ஆர் கேட்டு வருவினம்?"

எப்படியும் ஒருவரும் கேட்டு வரவில்லை. மறைக்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அகங்காரி என்ற பேரை நோயாளி என்ற பேருக்குப் பதிலாக வாங்கிக்கொண்டாள்.

அந்த அறையில் அவளுக்கு ஒரே சிநேகிதி ஹமீதா. இருபத்தாறு வயது. வாய் ஓயாது. அவள் அண்ணன் ஷேக் அலாவுதீனுக்குச் சூலியா ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை. ஹமீதாவுக்குத் தாசேக் கெலுகோரில் மாப்பிள்ளை முடிவானது. கல்யாணத்துக்குப் பின் வேலையை விடுகிறாள். அண்ணன் கடையில் எல்லோருக்கும் விருந்து என்றாள். கனகேஸ்வரி தயங்கியதும் ஹமீதாவின் முகம் மாறியது.

"பதினஞ்சு பேர் வர்றாங்க. நீ மட்டும் தூக்கத் தூக்கிட்டு வந்து உக்காரப் போறியா? எங்க வீட்டுச் சோறுதான் உனக்கு இறங்காதுன்னா இப்பவே சொல்லிடு. நான் போன பிறகு வந்து பார்க்கவும் வேணாம்."

கனகேஸ்வரி போனாள்.

அலாவுதீன் பருத்த மனிதர். வரிசையாகப் பத்துச் சட்டி. நடுவில் நின்று ஒரே கரண்டியால் கோழியில் கொஞ்சம், மீனில் கொஞ்சம், இறாலில் கொஞ்சம் அள்ளிச் சோறு மூழ்கும்படி ஊற்றுவார். பக்கத்தில் ஒரு தகர டின்னில் தண்ணீர். கரண்டியை அவ்வப்போது அதில் முக்கி எடுப்பார்.

"அண்ணே, இவளுக்கு இறால் வேணாமாம்," என்றாள் ஹமீதா.

"இறால் வேணாமா? இன்னிக்குத்தான் நல்ல இறால் வந்திருக்கு தங்கச்சி. தெலுக் பகாங் இறால்."

"வேணாம் அண்ணே. கோழி மட்டும்."

"கோழி மட்டுமா? நாலு குழம்பு கலந்தாத்தானே நாசி கண்டார். ஒரே குழம்ப ஊத்தினா ஆஸ்பத்திரிச் சாப்பாடு லா."

எல்லோரும் சிரித்தார்கள். கனகேஸ்வரியும் சிரித்தாள். வேண்டாம் என்றுதான் சொன்னாளே தவிர, பட்டால் மூச்சு நிற்கும் என்று சொல்லவில்லை.

அலாவுதீன் கரண்டியைத் தண்ணீரில் முக்கி, கோழிக்குழம்பு மட்டும் ஊற்றினார். இறால் சட்டிப் பக்கமே போகவில்லை. பதினைந்து பேரும் பார்த்தார்கள்.

முதல் வாய் ருசியாக இருந்தது. வெளியே சாப்பிட்டு எத்தனையோ வருடமாயிற்று. நாலாவது வாயில் கீழுதடு அரித்தது. தண்ணீர் குடித்தாள். தண்ணீர் இறங்கும் வழி சுருங்கியிருந்தது. எழுந்தாள். ஹமீதாவின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தாள். ஹமீதாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அதற்குள் கனகேஸ்வரியின் கண்கள் சிவந்து மூடிக்கொண்டிருந்தன.

அலாவுதீனே காரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வருவோர் போவோரிடமெல்லாம், "படைச்சவன் மேல ஆணையா நான் இறால் போடல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிழைத்துக்கொண்டாள். குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று வந்தது. எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு டிரங்க் கால் விவரச் சீட்டுகளை அடுக்கும் வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்க, அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கினாள். பின்னால் காமாரியாவின் குரல் கேட்டது.

"போடாத இறாலுக்கே இப்படியா? நான் சொல்லல? கை பட்டதே ஆகல."

வீட்டில் அம்மா, "இனி வெளியில வாய் வைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு," என்று கையை நீட்டினாள். கனகேஸ்வரி தொண்டையைச் சுட்டிக்காட்டினாள். குரல் இல்லை. சத்தியம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்பதாம் நாள் குரல் திரும்பியது. குளியலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "பினாங்கு. நம்பர் சொல்லுங்க." கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அவளுடையதுதான்.

அன்று மாலை ஹமீதா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வழக்கமான வாய் இல்லை.

"நீ வரணும். ஆனா ஒண்ணும் சாப்பிட வேணாம் கனகா. ஓரமா ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஹமீதா வீட்டுக் கல்யாணத்தில் தனித்தனி இலை கிடையாது. பாய் விரித்து, நாலு பேருக்கு ஒரு பெரிய தாம்பாளம். சஹன் என்பார்கள். நாலு பேரும் ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். பெண் வீட்டுக்கு வந்துவிட்டுச் சஹனில் உட்காராதவர் என்றால் ஒன்று பகையாளி, அல்லது அந்நியர். கனகேஸ்வரி அந்த நாற்காலியை நினைத்துப் பார்த்தாள். கையில் ஒரு ஆரஞ்சுத் தண்ணீர். எதிரே காமாரியா.

"உங்க அண்ணன் கடையில எப்போ இருப்பார்?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போனாள். கூட்டமில்லாத நேரம். அலாவுதீன் அவளைக் கண்டதும் கரண்டியோடு நின்றார்.

"உக்காருங்க தங்கச்சி. ஒண்ணும் தரமாட்டேன். பயப்படாதீங்க."

"பார்க்கத்தான் வந்தேன் அண்ணே. நீங்க வேலையப் பாருங்க."

அவளுக்குக் கைகளைப் பார்த்துப் பழக்கம். எந்த வயர் எந்த ஓட்டையிலிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இரண்டு பேர் வந்தார்கள். கரண்டி கோழிக்குப் போனது. இறாலுக்குப் போனது. டின் தண்ணீருக்குப் போனது. திரும்பக் கோழிக்குப் போனது. எழுந்து டின்னை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் செம்மஞ்சளாக இருந்தது. மேலே இறால் மீசை ஒன்று மிதந்தது.

கடையின் மறுகோடியில் ஒரு சட்டி தனியாக இருந்தது. அதன் கரண்டிக் காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"அது ஏன் அங்கே இருக்கு அண்ணே?"

"மாட்டுக்கறி. இந்துக்காரங்க நிறைய வர்றாங்கள்ல? அதனால தனி அடுப்பு, தனிக் கரண்டி. இருவது வருசம் ஆச்சு, மாறினதா ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல." அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.

"அது மாறிப் போனா நான் சாகமாட்டேன் அண்ணே," என்றாள் கனகேஸ்வரி. "மனசு சங்கடப்படும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிப்பேன். அவ்வளவுதான். இறாலைத் தொட்ட கரண்டி பட்டா நான் செத்துப்போவேன்."

அதை அவள் எக்ஸ்சேஞ்ச் குரலில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி. தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடம் அம்மா மறைத்து வைத்தது சந்து முழுக்கக் கேட்டது.

அலாவுதீன் தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"இதா?"

"அதுதான்."

"தண்ணியில முக்கினேனே."

"எந்தத் தண்ணியில அண்ணே?"

அவரும் டின்னுக்குள் பார்த்தார். பிறகு டின்னைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கொட்டினார். திரும்பி வந்து, சமையலே இன்றுதான் கற்கத் தொடங்கியவரைப் போல் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்பளம் பொரிச்ச எண்ணெய்?"

"அதுல முன்னாடி இறால் பொரிச்சிருந்தா ஆகாது."

"அம்மி?"

"பெலாச்சான் அரைச்சிருந்தா ஆகாது."

"என் கை?"

"உங்க கையும்தான்."

"யா அல்லாஹ்," என்றார் அலாவுதீன். "இந்த ஊர்ல நீ இம்புட்டு நாள் எப்படித் தங்கச்சி உசுரோட இருந்தே?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் புதுக் கரண்டி ஒன்றை எடுத்து வந்தார். கட்டத் துணி தேடினார். கிடைத்தது பச்சை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு, சமையற்கட்டுக்குள் இறால் நுழையும் முன்பே, அலாவுதீன் ஒரு சிறு தேக்சாவில் தன் கையாலேயே ஆட்டுக்கறிப் பிரியாணி சமைத்து, துணியால் மூடி, மண்டபத்தில் தன் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார். கனகேஸ்வரிக்கென்று ஒரு தட்டில் வருமென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தது ஒரு முழுச் சஹன். நாலு பேருக்கு.

"யார் இவளோட உக்கார்றது?" என்று கேட்டார் அவர் மனைவி. "உக்கார்ற ஆளுக்கும் இன்னிக்கு இறால் கிடையாது."

எக்ஸ்சேஞ்ச் பெண்கள் இருவர் உட்கார்ந்தார்கள். நாலாவதாக வந்து அமர்ந்தவள் காமாரியா.

"பக்கத்துச் சஹன்ல இறால் சம்பல் மணக்குது," என்றாள். "உன்னால எனக்கு வந்த நோன்பு."

"அங்கே போய் உக்காரேன்."

"போக மாட்டேன். காலையிலேர்ந்து பச்சத் தண்ணிதான் லா. ஹமீதா ராத்திரி போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லி மிரட்டினா, ஒண்ணையும் தொட்டுட்டு வராதேன்னு. கல்யாணப் பொண்ணு பேசுற பேச்சா அது?"

கனகேஸ்வரி கையைச் சோற்றில் வைத்தாள். ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். மூவரும் மெல்லாமல் அவள் உதட்டையே பார்த்தார்கள்.

"சாப்பிடுங்கடி," என்றாள்.

சாப்பிட்டார்கள். இரண்டாவது வாய். மூன்றாவது. அப்போது பக்கத்துச் சஹனிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர். விஷயம் தெரியாதவர். இவர்கள் சஹனில் சம்பல் இல்லாததைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, இந்தப் புள்ளைங்களுக்கு இறாலே வைக்கலையே!"

கிண்ணத்தோடு குனிந்து, ஒரு பெரிய கரண்டி இறால் சம்பலைச் சஹனுக்கு நேரே கவிழ்த்தார்.

காமாரியா தன் இரண்டு கைகளையும் சோற்றின் மேல் விரித்தாள். சம்பல் அவள் வலது புறங்கையில் விழுந்தது. சூடு. "ஆ" என்று கத்தினாள். கையை எடுக்கவில்லை. உதறவும் இல்லை. தன் பக்கமாகவே மெதுவாக நகர்த்தி, மடியில் புதுச் சேலையில் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இங்கே வேணாம் பெரியம்மா! இது இறால் இல்லாத சஹன்!"

குழாயடியில் கையையும் சேலையையும் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வலக்கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கழுவியாச்சே, சாப்பிடு," என்றாள் ஒருத்தி.

"கழுவினா போதுமான்னு அலாவுதீன் அண்ணனைக் கேளு. இந்தக் கை இன்னிக்கு உள்ளே வராது." வயிற்றைத் தடவினாள். "நல்லா பசிக்குது."

இடது கையால் சஹனில் கைவைக்க முடியாது. கனகேஸ்வரி சோற்றைப் பிசைந்தாள். ஒரு கறித்துண்டை நடுவில் வைத்து உருட்டினாள். நீட்டினாள்.

காமாரியா அந்தக் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அப்படியே சாப்பிட்டார்கள். தனக்கு ஒன்று, காமாரியாவுக்கு ஒன்று. மேடையிலிருந்து முக்காட்டை விலக்கி ஹமீதா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்கதவில் சாய்ந்து அலாவுதீன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் போனது. உதடு அரிக்கவில்லை. தண்ணீர் சுலபமாக இறங்கியது.

கனகேஸ்வரி தொண்டையைச் செருமினாள். மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"பினாங்கு. நம்பர் சொல்லுங்க."

கதவருகே அலாவுதீன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நம்பர் கிடக்கட்டும்," என்றாள் காமாரியா, வாயைத் திறந்தபடியே. "அந்த எலும்புத் துண்ட எடு."