வேலிக்கு வெளியே என்ன வேலை?

இன்னிக்குக் காலைல பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷன் போனேன். டியூஷன் விட்டு வர்ற வழியில அவமேல கை வச்சவன் ஜாமீன்ல வந்து, எங்க தெருமுனை ஒட்டுக்கடையில தே தாரிக் குடிக்கிறான்.

கேஸ் என்னாச்சுன்னு நான் கேட்டா, மேசைக்குப் பின்னாடி இருந்தவர் அவளைக் கேக்குறார்: "அந்த நேரத்துல உனக்கு வெளிய என்ன வேலை?"

அவளை வீட்ல விட்டுட்டு மெர்லிமாவ் பஸ் ஏறினேன். ஆத்திரம் தாங்காம போன்ல தங்கச்சிகிட்ட கொட்டினேன். அவ பேரு மட்டும் சொல்லல.

பக்கத்து சீட்டு வயசான அம்மா மெதுவா ஆரம்பிச்சாங்க.

"மலாயாவுல வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்ட காலத்துல, கம்யூனிஸ்ட்டுக்குப் பயந்து எங்க ரப்பர் தோட்டத்தைச் சுத்தி முள்கம்பி வேலி. பொழுது சாஞ்சா கர்ஃபியூ. மாடு வரலைன்னு எங்க அக்கா வெளிய தேடிப் போனா. கங்காணி மகன் அவளை ரப்பர் காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டான். புகார் குடுத்தோம். கர்ஃபியூ நேரத்துல வெளிய போனது குத்தம்னு அக்காவுக்குத்தான் அபராதம் போட்டாங்க."

"அவனும் வெளியதானேம்மா இருந்தான்?"

"அதை யாரும் கேக்கலையே. மாடு கூட தானா வந்துருச்சு."

கர்ஃபியூ எடுத்தாச்சுன்னு யாராவது அந்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்க லா. நான் கேட்டது அவங்க காதுல ஏறல.