இடது முன்கால்

என் அத்தான் சச்சிதானந்தன் குதிரைகளை முகத்தால் அறியமாட்டார், காலால்தான் அறிவார். சுவிஸில், டாவோஸ் என்ற மலையூரில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம் கோப்பை கழுவியவர். அந்த அறை பாதி நிலத்துக்குக் கீழே இருந்தது. அதன் ஒரே யன்னல் தெருவோடு மட்டம். சுற்றுலாக்காரரை ஏற்றிப் போகும் வண்டிக் குதிரைகளின் கால்கள் மட்டும் அதில் தெரியும். எந்தக் கால் நோகிறது என்று வண்டிக்காரனுக்கு முன்னமே இவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் ஒருநாளும் சொன்னதில்லை. அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்த காலம். சமையலறையில் கண்ணாடி உடைந்தாலும் சரி, ஆட்கள் அடிபட்டாலும் சரி, "நான் ஒண்டும் காணேல்லை" என்பதுதான் ஜெர்மன் மொழியில் அவர் பிழையில்லாமல் பேசப் பழகிய முதல் வசனம்.

பிறகு ஷ்லீரன் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, என் அக்காவோடு கல்யாணம், பிள்ளைகள், கடைசியில் சுவிஸ் பாஸ்போட். தடை தாண்டும் குதிரைப் பந்தயப் பைத்தியமும் அங்கேதான் பிடித்தது. வருடத்தில் ஐந்தாறு ஞாயிறு, அக்கா கட்டித் தரும் புட்டுப் பார்சலோடு நாங்கள் இருவரும் ரயிலேறுவோம்.

"எது வெல்லும் எண்டு கேக்காதை மச்சான். எதைச் சனம் குறைச்சு மதிக்குது எண்டு பார்" என்பார். ஈரத் தரையில் எப்படி ஓடியது, முதுகில் எத்தனை கிலோ, கடைசித் தடையைத் தாண்டி எப்படிக் காலூன்றியது, எல்லாம் அவர் மனதில் இருக்கும். பத்துத் தடவை ஓடினால் இரண்டு தடவை வெல்லக்கூடிய குதிரைக்கு ஒன்றுக்குப் பத்து கிடைத்தால் பணம் கட்டுவார். மூன்றுதான் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பின்னர் அது வென்றாலும் கவலைப்படமாட்டார்.

சில்வ்ரெட்டாவுக்கு மட்டும் இந்த ஞாயமெல்லாம் கிடையாது. சாம்பல் நிறப் பெண் குதிரை. நாலு வருடமாக அவள் ஓடும்போதெல்லாம், ஒன்றுக்கு எத்தனை என்ற விலை எதுவானாலும், ஐந்து பிராங் அவளில் கட்டுவார். ஓடி முடிந்ததும் அவளைப் பராமரிக்கும் நாட்யா என்ற பெண்ணிடம் கரட் கொடுத்துத் தீத்தச் சொல்வார். அக்காவுக்கு இப்படி ஒன்றும் வாங்கிக் கொடுத்ததில்லை என்று நான் பகிடி பண்ணுவேன்.

போன செப்டெம்பரில், சில்வ்ரெட்டா ஓடவிருந்த பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டியபோது அத்தான் என் கையைப் பிடித்தார்.

"இடது முன்காலை அரை விரல் குறைச்சு வைக்கிறாள்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னால் அது சரிதான். மிருக வைத்தியர் இருபதடி தள்ளி நின்றார்.

"போய்ச் சொல்லுங்கோ அத்தான். ஓடவிடமாட்டினம்."

"எங்களுக்கேன் சோலி? நீ ஆர், எங்கையிருந்து வந்தனி எண்டு கேப்பினம். பெர்மிட்டைக் காட்டு எண்டுவினம்."

"உங்களிட்டைப் பாஸ்போட் எல்லோ இருக்கு!"

அவர் விலைப் பலகையைப் பார்த்தார். சனம் முழுக்கச் சில்வ்ரெட்டாவில் கட்டியிருந்ததால் ஆறாம் நம்பர் குதிரைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு ஏறியிருந்தது. அவளை விலக்கினால் அந்த விலை விழுந்துவிடும். பயத்தில் வாயை மூடினாரா, பன்னிரண்டுக்காக மூடினாரா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். அவரும் யோசிக்கிறார். போய் ஆறாம் நம்பரில் ஐம்பது பிராங் கட்டினார். அவளில் ஒன்றும் கட்டவில்லை. அவரைவிட எனக்கு நல்ல ஜெர்மன் தெரியும். நானும் புட்டுப் பார்சலோடு சும்மாதான் நின்றேன். என்னை நினைத்தால் எனக்கே வெறுக்கிறது.

கடைசிக்கு முந்திய தடையை அவள் அழகாகத் தாண்டினாள். நிலத்தில் ஊன்றியதும் இடது முன்கால் முறிந்தது. மூன்று காலில் எழும்பி, ஓடப் பார்த்தாள்.

"ஊண்டாதையடி! காலை ஊண்டாதை!" வேலியைப் பிடித்துக்கொண்டு அத்தான் தமிழில் கத்தினார். பச்சைத் திரையைக் கொண்டுவந்து அவளைச் சுற்றிப் பிடித்தார்கள். காலொடிந்த குதிரையைச் சனம் காணாமல் கொல்லத்தான் திரை என்று எங்களுக்குத் தெரியும். அந்த நேரம் ஆறாம் நம்பர் வென்று சனம் ஆரவாரித்தது. அத்தான் நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

கொஞ்ச நேரத்தில் நாட்யா வெறும் கயிற்றோடு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அத்தானின் பையில் கரட் அப்படியே இருந்தது.

"நீங்கள் எப்போதும் அவளின் கால்களைத்தானே பார்ப்பீர்கள். முன்னமே ஏதாவது கண்டீர்களா? நான்தான் கவனிக்காமல் விட்டேனா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

அத்தான் எழும்பினார். பிறகு அந்தப் பழைய வசனம், முப்பது வருடம் கழித்தும் பிழையில்லாமல், வந்தது.

"நான் ஒன்றும் காணவில்லை."

நாட்யா பெருமூச்சு விட்டாள். "நீங்களே காணவில்லை என்றால் யாராலும் கண்டிருக்க முடியாது" என்றாள். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.