காலால எழுதுன டானா

பேத்தியப் பதுளை டவுன் நர்சரிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன். நாலு வயசு, ஒரு எடத்துல குந்தாது. “இந்தக் கெழமை முடியுறதுக்குள்ளயும் ஒக்காரலன்னா அடுத்த வருசம் சேத்துக்கலாம், அம்மா”ன்னு டீச்சர் சொன்னதுலருந்து எனக்குச் சோறே எறங்கல.

நர்சரி வாசல்ல பெரிய தூங்குமூஞ்சி மரம். சுத்திலும் சிமெண்டு, பஸ்ஸுப் பொகை. எங்க தேயிலைத் தோட்டத்து மரத்துக்கு இருக்குற சொகம் இதுக்கு ஏது? ஆனா பூத்தா ரோசாப்பூ நெறத்துல குஞ்சம் குஞ்சமாத் தொங்கும், பாருங்க! மப்புப் போட்டா எலைய மடிச்சுத் தூங்கிரும். நானும் அடியில கண்ண மூடிக்குவேன்.

அன்னைக்கு டீச்சர் புள்ளைங்கள மரத்தடிக்குக் கூட்டியாந்து, “இந்த வேரு எப்புடிப் போவுது, நடந்து காட்டுங்க”ன்னுச்சு.

எம்பேத்திதான் மொதல்ல ஓடுச்சு. “நேராப் போவுது, செவுத்துல முட்டுது, பக்கமாத் திரும்பிப் போவுது!”

அது நடந்த தடத்துல டீச்சர் வெண்கட்டியால கோடு இழுத்துச்சு. “பாத்தியா, நீ ‘ட’ எழுதிட்ட, டானா!”

நாலஞ்சு தரம் நடந்துட்டு, பேத்தி தானாவே குந்தி வெரலால அதையே எழுதுச்சு. டீச்சர் என்னப் பாத்துச் சிரிச்சு, “இந்த வருசமே இருக்கட்டும்மா”ன்னுச்சு.

சந்தோசம் தாங்காம நானும் அந்தக் கோட்டுல நடந்தேன்.

“கோணலாப் போற, அம்மாயி!”ன்னு பேத்தி அதட்டுச்சு.

எனக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து அந்த டானாதாங்க.